பட்டனுக்கு ஊசி போட்டதும் மாப்பிள்ளையின் சட்டை கிழிந்ததும்

கடலுக்கு நடுவே உப்புக் காற்றைக் குடித்துக்கொண்டிருக்கும் அன்புள்ள மாப்பிள்ளைக்கு, கரையில் பஞ்சையும் தூசியையும் தின்றுகொண்டிருக்கும் மச்சான் வணக்கத்தோடு எழுதுவது. இங்கே நான் நலம், என் தங்கை நலம், உங்கள் மகள் பட்டன் எங்கள் இருவரையும்விட நலம். இரண்டு பல் முளைத்துவிட்டது, மூன்றாவதுக்கு என் விரலில் ஒத்திகை பார்த்துக்கொண்டிருக்கிறாள். உங்கள் நலத்தையும், கப்பலின் நலத்தையும், நீங்கள் சமைத்துப் போடுவதைத் தப்பிக்க வழியில்லாமல் தின்கிற அந்த இருபது பேரின் வயிற்று நலத்தையும் அறிய ஆவலாக இருக்கிறேன்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். போனில் நான் ஆரம்பித்தால் நீங்கள் முதல் வார்த்தையிலேயே கத்துவீர்கள். கடிதத்தைப் பார்த்துக் கத்தினால் கப்பலில் இருப்பவர்கள் உங்களைப் பிடித்துக் கட்டிவிடுவார்கள், அந்தப் பயத்தில் கடைசிவரை படிப்பீர்கள். நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் என்றாலும் பள்ளிக்கூடம் என்னை விடவில்லை, அவர்கள் ஆபீஸ் நாற்காலிகளை இன்றைக்கும் நான்தான் தைக்கிறேன். ஆகையால் எழுத்து கொஞ்சம் கோணினாலும் தையல் கோணாது என்று நம்பிப் படியுங்கள். சுருக்கத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்களுக்குச் செய்து கொடுத்த சத்தியத்தை உடைத்துவிட்டேன். உங்கள் நீலக் கட்டம் போட்ட சட்டையைக் கிழித்துவிட்டேன். இரண்டும் ஒரே நாளில், ஒரே நிமிடத்தில் நடந்தன. இனி விரிவு.

நீங்கள் கப்பலேறிய அன்று வாசலில் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்தீர்களே, ஞாபகம் இருக்கிறதா? "மச்சான், நான் திரும்பி வந்து என் கையால பிடிச்சுக்கற வரைக்கும் பட்டன் மேல இன்னொரு ஊசி படக்கூடாது. தாய்மாமன் நீங்கதான் பொறுப்பு"ன்னு கேட்டீங்க. நானும் வாயைத் திறந்து "ஆகட்டும் மாப்பிள்ளை"ன்னு சொல்லித் தொலைச்சேன். உங்களைக் குற்றம் சொல்லவில்லை. போன தடவை ஊசி போட்டு, அன்றைக்கு அவளுக்கு உடம்பு சுட்டபோது நீங்கள் அழுத அழுகையில் ஊசி போட்டது மகளுக்கா அப்பாவுக்கா என்று எதிர்வீட்டுக்காரர் என்னிடம் விசாரித்தார். அதோடு உங்கள் கப்பலில் எஞ்சினுக்கு எண்ணெய் விடுகிறவர், ஊசியே ஆகாது என்று போனில் அனுப்புகிற மருத்துவக் குறிப்புகள் வேறு. எண்ணெய் விடுகிறவர் எண்ணெய் விட வேண்டும், குஷன்காரன் குஷன் தைக்க வேண்டும், அவரவர் ஊசியோடு அவரவர் நின்றால் உலகத்தில் பாதிச் சண்டை இல்லை. ஆனால் ஒன்றை யோசித்தீர்களா மாப்பிள்ளை? பிள்ளை மேல் ஊசி படாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை ஊரிலேயே அதிக ஊசி வைத்திருக்கிற ஒரு மனுஷனிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள். என் பட்டறையில் வளைந்த ஊசி பன்னிரண்டு, கோணி ஊசி ஏழு, குண்டூசி கடவுளுக்கே கணக்குத் தெரியாது. அத்தனையையும் பிஸ்கட் டப்பாவில் போட்டுப் பரண் மேல் ஏற்றினேன். ஒவ்வொரு தையலுக்கும் ஸ்டூல் போட்டு ஏறி இறங்கினதில் என் முட்டி தேய்ந்ததுதான் மிச்சம்.

இப்படி இருக்கும்போது எனக்கு ஒரு வேலை வந்தது. மருத்துவமனையில் தடுப்பூசி போடும் அறைக்கு வெளியே நீளமாக நாலு பெஞ்சு இருக்கும், அதற்கெல்லாம் பழைய ரெக்சினைக் கிழித்துவிட்டுப் புது ஃபோம் வைத்துப் புது ரெக்சின் போட வேண்டும், மூன்று நாள் வேலை. திங்கட்கிழமை காலையில் போய் நாலு பெஞ்சையும் ஒரே மூச்சில் உரித்துப் போட்டேன். அது முதல் தப்பு. உரித்த பெஞ்சில் ஆணிதான் இருக்கும், ஆள் உட்கார முடியாது. பிள்ளையும் பையும் குடையுமாக வந்த தாய்மார்கள் உட்கார இடமில்லாமல் என்னை முறைத்தார்கள். ஒரு அம்மா, "அண்ணே, நீங்கதானே பெஞ்சைப் பிரிச்சீங்க, அப்ப நீங்களே பிடிங்க"ன்னு பிள்ளையை என் கையில் திணித்துவிட்டு கார்டு பதியப் போய்விட்டது. அதைப் பார்த்து அடுத்தது. அதைப் பார்த்து அதற்கடுத்தது. மத்தியானத்துக்குள் நான் பெஞ்சாகிவிட்டேன் மாப்பிள்ளை. என் உடம்பில் இயற்கையாகவே குஷன் இருப்பதால் பிள்ளைகளும் ஆட்சேபிக்கவில்லை.

அங்கே ஊசி போடுகிறவரை எல்லோரும் பெரிய சிஸ்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஆள் என்னவோ என் தோளுக்குத்தான் இருப்பார், குரல்தான் பெரிசு. நமக்கு வாய் சும்மா இருக்குமா? "சிஸ்டர், எனக்கு ஒரு சந்தேகம். நல்லா விளையாடிட்டு இருக்கற பிள்ளையைப் பிடிச்சு எதுக்குக் குத்தறீங்க? நாங்கள்லாம் கிழிஞ்ச சோபாவுக்குத்தான் ஊசி எடுப்போம்"னு கேட்டேன். அந்தம்மா பஞ்சை நனைத்துக்கொண்டே திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார்: "கிழிஞ்சதுக்கப்புறம் தைக்கறது உங்க தொழில். கிழியாம பாத்துக்கறது என் தொழில். உங்களுக்காவது வேலை முடிஞ்சா நல்லா இருக்குன்னு நாலு பேர் சொல்வாங்க. என் பிள்ளைக்கு ஒண்ணுமே வரலை, ரொம்ப நன்றின்னு யாராவது இங்க வந்து சொல்லியிருக்காங்களா?" நான் விடவில்லை. "தட்டம்மை எல்லாருக்கும் வந்துட்டுப் போறதுதானே சிஸ்டர்? சின்ன வயசுல எனக்கும் வந்துச்சு. நான் நல்லாத்தானே இருக்கேன்?" என்றேன். அப்போதுதான் திரும்பிப் பார்த்தார். "நீங்க இருக்கீங்க, வந்து கேக்கறீங்க. அதுல போன பிள்ளைங்க வந்து கேக்க முடியாதுல்ல?" என்றார். மாப்பிள்ளை, அதற்கப்புறம் நான் அடித்த மூன்று ஆணியும் வளைந்துவிட்டது.

சாயங்காலம் கூட்டம் குறைந்ததும் அவராகவே வந்து என் பக்கத்தில் நின்றார். "விலை ஒசத்தித் துணி வந்தா எடுத்த எடுப்புல கத்திரி வெப்பீங்களா?" என்று கேட்டார். "அய்யோ, பழைய துணியில ஒரு மாதிரி வெட்டிப் பாத்துட்டுத்தான் வெப்பேன்" என்றேன். "அதேதான் இதுவும். பலத்தைப் பிடுங்கின கிருமியைக் கொஞ்சூண்டு உடம்புக்குக் காட்டி, இவன்தான் ஆளு, முகத்தை நல்லா பாத்து வெச்சுக்கோன்னு சொல்றோம். நிஜமா வர்ற அன்னிக்கு உடம்பு தடுமாறாது. ஊசி போட்டா உடம்பு சுடுதுன்னு பயப்படறீங்களே, பல பிள்ளைங்களுக்கு அது பாடம் படிக்கற சூடுதான்" என்றார். தாய் வயிற்றிலிருந்து கொண்டுவந்த பாதுகாப்பு மாதம் ஆக ஆகத் தேய்ந்துகொண்டே போகுமாம், அதனால்தான் இந்தந்த மாதத்துக்கு இந்தந்த ஊசி என்று வைத்திருக்கிறார்களாம். கக்குவான் இருமல், தொண்டை அடைப்பான், இளம்பிள்ளை வாதம் என்று அவர் சொல்லிக்கொண்டே போனார். எனக்கு மூன்றாம் வகுப்பில் இப்படி யாராவது சொல்லிக் கொடுத்திருந்தால் நாலாம் வகுப்புக்குப் போயிருப்பேன்.

இதெல்லாம் கேட்கும்போது எனக்கு ஊர்க் கதையாகத்தான் இருந்தது. செவ்வாய்க்கிழமை அது வீட்டுக் கதையாகிவிட்டது. நம் மேல்மாடியில் பூட்டுச் சாவி செய்கிறவர் குடியிருக்கிறாரே, அவருடைய ஆறு வயது மகள், ஒரு நிமிஷம் ஒரு இடத்தில் நிற்காதே அந்தப் பெண், அதற்குக் காய்ச்சல், கண் சிவப்பு, மூக்கு ஒழுகல். திங்கட்கிழமை முகமெல்லாம் தடித்துச் சிவந்து, ராத்திரிக்குள் மூச்சு வாங்கி, மருத்துவமனையில் சேர்த்துவிட்டார்கள். தட்டம்மை, நெஞ்சில் சளி கட்டிவிட்டது. நான் பெஞ்சு தைக்கிற அதே கட்டடத்தின் அடுத்த மாடியில் அது மூக்கில் குழாயோடு கிடந்தது. சாவிக்காரர் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். ஊரில் யார் வீட்டுப் பூட்டையும் திறக்கிற மனுஷன், வாயைத் திறக்க முடியாமல் உட்கார்ந்திருந்தார். அவர் மனைவிதான் சொன்னது: "ஊர் ஊரா வீடு மாத்தினோம்ணே. எங்கயோ கார்டு தொலைஞ்சு போச்சு. அடுத்த ஊர்ல போட்டுக்கலாம், அடுத்த மாசம் போட்டுக்கலாம்னு விட்டோம். வேணும்னேவா விட்டோம்?"

இதைப் பெரிய சிஸ்டரிடம் சொன்னேன், நம்ம மேல்வீட்டுப் பிள்ளைதான் என்று. அவர் கையில் இருந்த பேனாவைக் கீழே வைத்தார். "உங்க வீட்டுல சின்னப் பிள்ளை இருக்கா?" "தங்கச்சி பிள்ளை. பத்தாவது மாசம் நடக்குது." "ஒன்பது மாச ஊசி போட்டாச்சா?" நான் ரெக்சினைத் தடவினேன். "அந்தப் பொண்ணு உங்க வீட்டுக்கு எப்ப வந்துச்சு?" ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்தது மாப்பிள்ளை. கிண்ணம் திருப்பிக் கொடுக்க வந்து, பட்டனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கால் மணி நேரம் கிலுகிலுப்பை ஆட்டிவிட்டுப் போனது. நடுநடுவே இருமியது. சிஸ்டர் சொன்னார், இந்தக் கிருமி ஆள் எழுந்து போன பிறகும் ரெண்டு மணி நேரம் வரைக்கும் அந்த அறைக் காற்றிலேயே நிற்குமாம், ஊசி போடாத பத்துப் பேர் பக்கத்தில் இருந்தால் ஒன்பது பேரைப் பிடிக்குமாம். "ஒட்டினதுல இருந்து மூணு நாளுக்குள்ள ஊசி போட்டா தப்பிக்க வாய்ப்பு இருக்கு. ஞாயிறு, திங்கள், செவ்வாய்... நாளைக்குப் புதன். ஒரு புட்டியைத் திறந்தா பத்துப் பிள்ளைக்கு வரும், சில மணி நேரத்துக்குள்ள முடிச்சாகணும், அதனால அதைப் புதன்கிழமை மட்டும்தான் திறப்போம். நாளைக்குக் காலையில கூட்டிட்டு வாங்க. சும்மா யோசிச்சிட்டு நிக்காதீங்க."

சும்மா யோசித்துக்கொண்டு நின்றேன். உங்கள் போனுக்கு அடித்தேன், தொடர்பு எல்லைக்கு அப்பால் என்று ஒரு பெண் சொன்னது. மறுபடி அடித்தேன், அதே பெண் அதே மாதிரி சொன்னது, அதற்கும் உங்களுக்கும் என்ன தொடர்பு என்று தெரியவில்லை. வீட்டுக்கு வந்து தங்கையிடம் விஷயத்தைச் சொன்னேன். அது முகம் வெளுத்துப் பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டது. அப்புறம் என்னைப் பார்த்து, "அவரு சத்தியம் வாங்கினது உன்கிட்டண்ணே. என்கிட்ட வாங்கலை. என்கிட்ட வாங்கியிருந்தா எப்பவோ உடைச்சிருப்பேன். நீயே சொல்லு, என்ன பண்ணப் போற?" என்றது. நீங்கள் கட்டியிருக்கிறது என் தங்கையைத்தானா, வக்கீலையா? நான் ஒரு மணி நேரம் வெறும் ஃபோமை வெட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மாப்பிள்ளைக்குக் கொடுத்த வாக்கு ஒரு பக்கம். மாடிப்படியில் உட்கார்ந்திருந்த சாவிக்காரர் ஒரு பக்கம். கடைசியில் ஒன்று தோன்றியது: வாக்கு உடைந்தால் நான் வந்து காலில் விழுந்து ஒட்டிக்கொள்ளலாம், மாப்பிள்ளை கோபப்பட்டால் எத்தனை நாள் கோபப்படுவார், வெளியூரில் சமைத்துச் சலித்து வீட்டுச் சோற்றுக்கு வந்துதானே ஆக வேண்டும். பிள்ளைக்கு ஏதாவது ஆனால் எதை வைத்து ஒட்டுவேன்? "காலையில போறோம்" என்றேன்.

இருந்தாலும் மனசு கேட்கவில்லை. மாப்பிள்ளை தன் கையால் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று ஆசைப்பட்டாரே, அதில் பாதியையாவது காப்பாற்றலாம், அவர் சட்டையைப் போட்டுக்கொண்டு நான் பிடிக்கிறேன், அப்பா வாசனைக்குப் பிள்ளையும் அழாது என்று தங்கையிடம் சொன்னேன். அது யோசிக்கவே இல்லை, நேராக அலமாரிக்குப் போய் அந்த நீலக் கட்டத்தை எடுத்துக் கொடுத்தது. மாப்பிள்ளை, நீங்கள் துடைப்பக் குச்சி, நான் தலையணை. கை நுழைந்தது, தோள் நுழைந்தது, பித்தானும் துளையும் மட்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு தூரத்தில் நின்றன. மூச்சை உள்ளே இழுத்துப் போட்டேன். வீட்டிலிருந்து மருத்துவமனை வரை அந்த மூச்சை நான் வெளியே விடவில்லை.

புதன்கிழமை என்பதால் பத்துப் பிள்ளைகள். பெரிய சிஸ்டர் ஐஸ் பெட்டியிலிருந்து புட்டியை எடுத்தார். "முதல்ல பட்டன் வரட்டும், அவ மேல்வீட்டுலதான் தட்டம்மை" என்றார். நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன். "கால் ரெண்டையும் உங்க தொடைக்கு நடுவுல இடுக்கிக்கங்க. இந்தக் கையை உங்க முதுகுப் பக்கம் விடுங்க. குனிஞ்சு அணைச்சுக்கங்க." குனிந்தேன். பட்டன் ஊசியைப் பார்த்துவிட்டாள். உதடு பிதுங்கியது, கண்ணில் தண்ணீர் ஏறியது. எனக்கும் ஏறியது. இன்னும் கொஞ்சம் குனிந்தேன். அவ்வளவுதான், காலரிலிருந்து இடுப்பு வரை உங்கள் சட்டை முதுகில் பர்ர்ர்ர் என்று பிளந்தது. உங்கள் மகள் என் பட்டறையில் வளர்கிற பிள்ளை. பழைய ரெக்சினை நான் கிழிக்கிற சத்தம்தான் அவளுக்கு உலகத்திலேயே பெரிய வேடிக்கை. பிதுங்கின உதடு அப்படியே விரிந்து, இரண்டு பல்லும் தெரியக் கெக்கெக்கே என்று சிரித்தாள். "ஆச்சு" என்றார் சிஸ்டர். "என்ன ஆச்சு?" "ஊசி போட்டாச்சு. நீங்க கண்ணைத் திறக்கலாம்." பட்டன் ஒரு நிமிஷம் கழித்துத்தான் ஏதோ நடந்திருக்கிறது என்று சந்தேகப்பட்டு, மரியாதைக்கு இரண்டு தடவை அழுதுவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

இதோடு முடிந்திருந்தால் நான் வீட்டில் உட்கார்ந்து உங்கள் சட்டைக்கு முதுகுத் தையல் போட்டு மறைத்திருப்பேன். அடுத்து நின்ற அம்மா, "அண்ணே, எங்க பிள்ளைக்கும் ஒரு தரம் கிழிங்களேன்" என்றது. அந்தப் பிள்ளை ஏற்கெனவே ஊரைக் கூட்டி அழுதுகொண்டிருந்தது. ஒரு பச்சைப் பிள்ளை அழும்போது கிழிந்த சட்டைக்கு என்ன கௌரவம் என்று இடது கையைப் பிடித்து இழுத்தேன். சத்தம் கேட்டு அழுகை நின்றது, சிஸ்டர் வேலையை முடித்தார். அப்புறம் வலது கை. அப்புறம் முன்பக்கம் இரண்டு. நான்காவது பிள்ளை சிரிக்கவில்லை, என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டது, ஆனால் அழ மறந்துவிட்டது. ஆறாவதுக்கு முதுகில் மிச்சம். ஏழாவது பிள்ளைக்குச் சட்டைப் பை. எட்டாவதுக்குச் சட்டையின் அடிமடிப்பு. ஒன்பதாவதும் பத்தாவதும் இரட்டைப் பிள்ளைகள், ஆளுக்கொரு மணிக்கட்டுப் பட்டை. புட்டி காலி, சட்டையும் காலி. பனியனும் கழுத்தில் உங்கள் காலருமாக நான் நின்றேன். சிஸ்டர் ஊசியை எல்லாம் பெட்டியில் போட்டு மூடிவிட்டு, ரொம்ப நிதானமாகக் கேட்டார்: "வெளியில பழைய ரெக்சின் ஒரு மூட்டை கிடக்கே அண்ணே. அதைக் கொண்டுவந்து கிழிச்சிருக்கலாமே?"

தாய்மார்கள் சிரித்த சிரிப்பு மேல்மாடி வரை கேட்டிருக்கும்.

அதற்குப் பிறகு இருபத்தோரு நாள் பார்க்கணும் என்று சிஸ்டர் சொல்லியிருந்தார். அந்த இருபத்தோரு நாளும் நான் சிரித்தது வெளிவேஷம் மாப்பிள்ளை. காலையில் எழுந்ததும் பட்டனின் காதுக்குப் பின்னால் பார்ப்பேன், நெற்றியைப் பார்ப்பேன், வயிற்றைத் தூக்கிப் பார்ப்பேன், அவளும் நான் ஏதோ தொலைத்துவிட்டுத் தேடுகிறேன் என்று நினைத்துக் கூடவே தேடுவாள். எட்டாம் நாள் லேசாக உடம்பு சுட்டது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். சிஸ்டர் தொட்டுப் பார்த்து, "இது ஊசி போட்ட சூடுதான், வரலாம்னு அன்னிக்கே சொன்னேனே, நீங்க சட்டையைப் பொறுக்கிட்டு இருந்தீங்க" என்றார். மறுநாளே சரியாகிவிட்டது. இன்றைக்கு இருபத்திரண்டு. ஒரு புள்ளி இல்லை, ஒரு தடிப்பு இல்லை. ஒன்றுமே நடக்கவில்லை. காலையில் பெரிய சிஸ்டரிடம் போய், "சிஸ்டர், எங்க பிள்ளைக்கு ஒண்ணுமே வரலை, ரொம்ப நன்றி" என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்தம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சாவிக்காரர் மகளும் ஒன்பதாம் நாளே வீட்டுக்கு வந்துவிட்டது. உடம்பு பாதியாகிவிட்டது, மாடிப்படியில் இரண்டு தடவை உட்கார்ந்துதான் ஏறுகிறது, ஆனால் ஏறுகிறது. விட்டுப்போன ஊசிகளுக்கெல்லாம் சிஸ்டர் புதுக் கார்டு எழுதிக் கொடுத்திருக்கிறார், அதைச் சாவிக்காரர் இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டியிருக்கிறார்.

ஆகவே மாப்பிள்ளை, வாக்குத் தவறியவன் என்று என்னைத் திட்டுங்கள், தாராளமாகத் திட்டுங்கள், நான்கு துறைமுகம் தாண்டும் வரை திட்டுங்கள், கேட்டுக்கொள்கிறேன். ஆனால் அதே ஞாயிறு, அதே புதன் திரும்பி வந்தாலும் இதையே செய்வேன், ரெக்சினைக் கையில் எடுத்துக்கொண்டு. கடல் உங்களைத் தாலாட்டட்டும், காற்று உங்கள் அடுப்பை அணைக்காமல் இருக்கட்டும், கொதிக்கிற குழம்பு உங்கள் மேல் சிந்தாமல் இருக்கட்டும். உங்கள் கப்பல் தலைவருக்கு என் வணக்கம், எஞ்சினுக்கு எண்ணெய் விடுகிறவருக்கு என் விசேஷ வணக்கம், அவர் பிள்ளைகளின் கார்டு எங்கே இருக்கிறது என்று நான் கேட்டதாகச் சொல்லவும்.

உங்கள் கோபத்துக்கும் பிரியத்துக்கும் என்றும் ஒரே மாதிரி இடம் வைத்திருக்கும்,
மச்சான்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது தங்கை வந்து வாங்கிப் படித்தது. படித்துவிட்டு உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, பேச முடியாமல் சிரித்தது. அப்புறம் போனை எடுத்துக் காட்டியது. அந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலமே கப்பல் கம்பெனி ஆபீஸ் மூலமாக உங்களுக்குச் செய்தி அனுப்பியிருக்கிறது. புதன்கிழமை விடிந்ததும் நீங்களும் பதில் அனுப்பியிருக்கிறீர்கள்: "உடனே போடு. நான் முட்டாள்தனமா பேசிட்டேன். மச்சான்கிட்ட மட்டும் சொல்லாத, எப்படிச் சமாளிக்கறாருன்னு பாப்போம்." அதாவது நான் கண்ணாடி முன்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு பித்தான் போட்டபோது உங்கள் சம்மதம் சமையலறை அலமாரியில் மணி அடித்துக்கொண்டிருந்தது. அப்படியென்றால் போன வாரம் போனில் "பட்டன் கையில ஏதாவது புள்ளி தெரியுதா மச்சான்?" என்று நீங்கள் கேட்டதும், "கொசு, கொசு" என்று நான் உளறியதும், பின்னால் யாரோ சிரித்ததும் எல்லாம் நாடகம்! அந்தச் சட்டையை ஏன் யோசிக்காமல் எடுத்துக் கொடுத்தாய் என்று கேட்டேன். "அதைத் தூக்கிப் போடணும்னு நாலு வருஷமா சொல்றேன், அவரு கேக்கலை" என்கிறது உங்கள் வீட்டுக்காரி. ஆகையால் மேலே மன்னிப்பு என்ற பொருளில் எங்கெங்கே எழுதியிருக்கிறேனோ அங்கெல்லாம் அடித்துவிட்டுப் படிக்கவும். இந்த ஊசிக்கு இரண்டாம் தவணை ஒன்று இருக்கிறதாம், பட்டன் நடக்க ஆரம்பித்த பிறகு, நீங்கள் ஊரில் இருக்கும் மாதம். தேதியைக் கார்டில் நானே எழுதி வாங்கிவிட்டேன். அன்றைக்கு நீங்கள்தான் ஸ்டூலில் உட்காருகிறீர்கள். நான் என் சொந்தச் சட்டையில், எல்லாப் பித்தானும் போட்டுக்கொண்டு, வாசல் பக்கமாக நின்று நீங்கள் அழுகிறீர்களா என்று பார்ப்பேன்.